பத்திரமும் பத்திரமும்: வீடற்றவரிடம் அரசு கேட்கும் காகிதம்

தமிழில் ‘பத்திரம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் வழங்குகின்றன. ஒன்று ஆவணம், மற்றொன்று பாதுகாப்பு. இவை ஒரு சொல்லின் இரு கிளைகள் அல்ல. இலையையும் ஏட்டையும் குறிக்கும் வடசொல் ஒன்றிலிருந்து முதலாவது வந்தது. நலம், மங்கலம் என்னும் பொருளுடைய வேறொரு வடசொல்லிலிருந்து இரண்டாவது வந்தது. பகரத்தின் வல்லொலியையும் மெல்லொலியையும் தனித்தனி எழுத்தால் காட்டாத தமிழ் நெடுங்கணக்கு இரண்டையும் ஒரே வடிவில் நிறுத்திவிட்டது. எழுத்தில் நேர்ந்த இந்தத் தற்செயலான சேர்க்கையை, வாழ்க்கையிலும் உள்ள இயல்பான சேர்க்கையாக இந்திய நிருவாகம் எடுத்துக்கொண்டிருக்கிறது. காகிதம் இருக்குமானால் அதை வைக்கப் பாதுகாப்பான இடமும் இருக்கும் என்பது அதன் நம்பிக்கை. இந்த நம்பிக்கை வீடுள்ளவர்களின் அனுபவத்திலிருந்து பிறந்தது. அதன் விலையைச் செலுத்துவோர் வீடற்றவர்கள்.

மழைக்காலம் தொடங்கும்போதும், வாக்காளர் பட்டியல் திருத்தம் அறிவிக்கப்படும்போதும், குடியுரிமை பற்றிய விவாதம் எழும்போதும் ஓர் அறிவுரை சுற்றுக்கு வருகிறது. அசல்களை நெகிழி உறையில் இட்டு வையுங்கள். மூன்று நகல்கள் எடுத்து வெவ்வேறு இடங்களில் வையுங்கள். ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். நம்பிக்கையான உறவினர் ஒருவரிடம் ஒரு பிரதியைக் கொடுத்து வையுங்கள். இந்த அறிவுரையில் பிழையேதும் இல்லை. ஆனால் ‘வெவ்வேறு இடங்களில்’ வைப்பதற்கு முதலில் ஓர் இடமாவது வேண்டும். உறவினரிடம் கொடுத்து வைக்க, ஊரை விட்டு நகராத உறவினர் வேண்டும். மின்னஞ்சலில் சேமிக்க, களவு போகாத கைப்பேசியும் காலாவதியாகாத எண்ணும் வேண்டும். அறிவுரையின் ஒவ்வொரு சொல்லும் ஒரு வீட்டை முன்னிட்டுக்கொண்டு பேசுகிறது.

இங்கு முன்வைக்கப்படும் வாதம் சுருக்கமானது. ஆவணத்தைக் காப்பது அதை வழங்கிய அலுவலகத்தின் கடமை. பெற்றவரின் பொறுப்புணர்வுக்கு வைக்கப்படும் தேர்வாக அதை மாற்றியதும், தேர்வில் தோற்றவரைச் சந்தேகத்துக்கு உரியவராக நடத்துவதும் நிருவாகம் தன் கடமையைக் கைகழுவும் வழிகள்.

வீடு ஒரு காகிதத்துக்குச் செய்யும் பணியை எண்ணிப் பார்க்க வேண்டும். இரும்புப் பெட்டியின் அடியில், அரிசிப் பானையின் பின்னால், சாமிப் படத்தின் மறைவில், புடவை மடிப்பின் நடுவில் என்று இந்தியக் குடும்பங்கள் காகிதத்துக்கென இடங்களைக் கண்டுபிடித்து வைத்திருக்கின்றன. கூரை மழையைத் தடுக்கிறது. கதவு திருடனைத் தடுக்கிறது. வெளியே போகாத ஒரு முதியவர் காவலிருக்கிறார். வீட்டில் இருப்பவர் ஆவணத்தைக் காப்பதாக நினைத்துக்கொள்கிறார். உண்மையில் காப்பது வீடு. அந்த வீட்டை எடுத்துவிட்டால் எஞ்சுவது இடுப்பில் செருகிய ஒரு நெகிழிப் பை. வியர்வை அதற்குள் இறங்கும். மடிப்பில் எழுத்து அழியும். இரவில் தலைக்கு வைத்துப் படுத்த மூட்டை காலையில் இருக்காது. நடைபாதையைத் துப்புரவு செய்ய வரும் நகராட்சி வண்டி மூட்டைகளை அள்ளும்போது அவற்றில் குப்பை எது, குடும்ப அட்டை எது என்று பிரித்துப் பார்ப்பதில்லை. தேநீர்க் கடைக்காரரிடம் கொடுத்து வைத்தவரின் ஆவணம், கடை அகற்றப்படும் நாளில் கடையோடு போய்விடும்.

இவர்கள் எத்தனை பேர்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 17.73 லட்சம் பேரை வீடற்றோர் என்று பதிவு செய்தது. கூரையுள்ள ‘கணக்கெடுப்பு வீடு’ எதிலும் வாழாமல், சாலையோரம், நடைபாதை, பெருங்குழாய், மேம்பாலத்தின் அடி, வழிபாட்டிடங்களின் திறந்தவெளி, ரயில் நிலைய நடைமேடை ஆகிய இடங்களில் வாழ்வோரே அந்தக் கணக்கில் வருகின்றனர். கட்டுமானத் தளத்தின் தகரக் கொட்டகையில் உறங்கும் தொழிலாளி இதில் வரமாட்டார். செங்கல் சூளையில் ஆண்டில் பாதியைக் கழிக்கும் குடும்பமும், கரும்பு வெட்டப் போய் வயலோரம் தங்கும் தம்பதியரும் வரமாட்டார்கள். ஊரில் ஒரு சுவரேனும் அவர்கள் பெயரில் நிற்பதால் அவர்கள் வீடுள்ளவர்கள். ஆனால் காகிதம் தேவைப்படும் நாளில் அவர்கள் அந்தச் சுவரிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறார்கள். ஆவணக் காப்பைப் பொறுத்தவரை வீடற்றோரின் தொகை கணக்கெடுப்பு காட்டுவதைவிட மிகப் பெரிது.

முதற்சிக்கல் முகவரி. அடையாள அட்டை பெற முகவரிச் சான்று வேண்டும். முகவரிச் சான்று பெற அடையாள அட்டை வேண்டும். நகர்ப்புற வீடற்றோருக்கான தங்குமிடங்கள் பற்றிய வழக்கில், 2018-இன் தொடக்கத்தில், வீடில்லாதவர் ஆதார் பெறுவது எப்படி என்று உச்ச நீதிமன்றமே அரசுத் தரப்பிடம் கேட்க நேர்ந்தது. கேள்வி எளியது. ஆவணமே இல்லாதவர்களுக்காக ‘அறிமுகம் செய்வோர்’ என்னும் ஏற்பாடு விதிகளில் உண்டு. நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டத்தின் வழிகாட்டு நெறிகளும், தங்குமிடங்கள் வெறும் படுக்கையிடமாக நின்றுவிடாமல் அடையாளச் சான்றும் அஞ்சல் முகவரியும் பெற உதவும் இடங்களாக இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் விதியில் உள்ள ஏற்பாடு விண்ணப்பிக்கும் சாளரத்தில் கிடைக்க வேண்டுமானால், அங்கே அமர்ந்திருப்பவர் அதை அறிந்திருக்கவும் வேண்டும். அதைச் செய்ய அவருக்கு நேரமும் மனமும் இருக்கவும் வேண்டும். ‘முகவரிச் சான்று கொண்டு வா’ என்பது அதைவிட எளிய பதில்.

இதற்கு எண்ணியல் தீர்வு வந்துவிட்டதே என்று சிலர் மறுப்பர். மறுப்பில் பாதி உண்மை. 2015-இல் தொடங்கப்பட்ட டிஜிலாக்கரில் வழங்கப்படும் ஆவணங்கள் அசலுக்கு நிகரானவை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழான விதிகள் சொல்கின்றன. பதிவிறக்கிய மின் ஆதாரும் அட்டைக்கு ஈடானதே. காகிதம் நனைந்தாலும் பதிவு நனையாது என்பதை அரசே ஒப்புக்கொண்ட இடம் இது. இந்த அளவில் இது பெரிய முன்னேற்றம். ஆனால் அந்தப் பெட்டகத்தின் திறவுகோல் கைப்பேசிக்கு வரும் ஓடிபி. நடைமேடையில் உறங்குபவர் முதலில் இழப்பது கைப்பேசியை. மறுநிரப்பம் செய்யப்படாத எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும். புதிய எண்ணை இணைக்க மையத்துக்குச் சென்று கைரேகை வைக்க வேண்டும். செங்கல்லும் சிமென்ட்டும் தேய்த்த விரல்களில் ரேகை எளிதாகப் படிவதில்லை. வீட்டுப் பெட்டியின் சாவி தொலைந்தால் பூட்டை உடைக்கலாம். இந்தப் பெட்டகத்தின் சாவி தொலைந்தால், தான் தானே என்று மெய்ப்பிக்க மறுபடியும் காகிதம் தேட வேண்டும்.

காகிதம் தொலைந்தபின் நேர்வது இரண்டாம் சிக்கல். காவல் நிலையத்தில் புகார்ச் சான்று, முத்திரைத்தாளில் நோட்டரியின் உறுதிமொழி, சில ஆவணங்களுக்கு நாளிதழ் விளம்பரம் என்று பட்டியல் நீளும். ஒவ்வொரு படிக்கும் ஒரு நாள் கூலி. காவல் நிலையத்தில் ‘எங்கே குடியிருக்கிறாய்’ என்பது முதற்கேள்வி. நடைபாதையில் வசிப்பவருக்கு அதற்கு விடை கூறுவதே தற்குற்றச்சாட்டாக முடியலாம். நாளிதழ் விளம்பரம் யாருக்கு எதைத் தெரிவிக்கிறது என்பதை எவரும் கேட்பதில்லை. அந்த ஆவணத்தின் எண்ணும் தேதியும் வழங்கிய அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கின்றன. பதிவேட்டைத் திறந்து பார்ப்பது ஓர் எழுத்தருக்குச் சில நிமிட வேலை. அந்தச் சில நிமிடங்களை மிச்சப்படுத்த ஒரு கூலித் தொழிலாளியின் மூன்று நாட்கள் செலவழிக்கப்படுகின்றன.

காகிதத்தைத் தொலைப்பவர் எப்போதும் அதன் உடைமையாளர்தானா? 1985-ஆம் ஆண்டின் ஓல்கா டெல்லிஸ் தீர்ப்பு வாழ்வுரிமையில் வாழ்வாதார உரிமையும் அடங்கும் என்று சொன்னதற்காகச் சட்ட வகுப்புகளில் கற்பிக்கப்படுகிறது. அதே தீர்ப்பு, பம்பாயில் 1976 கணக்கெடுப்பில் பதிவானோருக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றும் சொன்னது. நடைபாதைவாசியின் உரிமை ஒரு கணக்கெடுப்பில் பெயர் இருப்பதோடு அங்கேயே முடிச்சிடப்பட்டுவிட்டது. அதன்பின் வந்த மறுவாழ்வுக் கொள்கைகள் எல்லாம் அந்த முடிச்சை இறுக்கின. டில்லியின் 2015 கொள்கைப்படி, குடியிருப்பு 2006 ஜனவரி 1-க்கு முன்பும், அதிலுள்ள குடிசை 2015 ஜனவரி 1-க்கு முன்பும் இருந்திருக்க வேண்டும். அதைக் காகிதத்தால் காட்டவும் வேண்டும். அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? குடிசைக்குள். குடிசை எங்கே இருக்கும்? இடிக்கும் இயந்திரத்தின் அடியில். வாசலில் இயந்திரம் நிற்கும்போது, தான் அங்கே வாழ்ந்ததை நிறுவக்கூடிய ஆவணங்களைக் காப்பாற்றக் குடிசைவாசி தவிக்கும் காட்சியை, 2010-ஆம் ஆண்டின் சுதாமா சிங் வழக்கில் டில்லி உயர் நீதிமன்றமே தன் தீர்ப்பில் பதிவு செய்தது. மாற்றிடம் பெறும் தகுதிக்கான ஆதாரத்தை இடிபாட்டுக்குள் புதைத்துவிட்டு, மறுநாள் அதே அரசின் மற்றொரு மேசை அதே ஆதாரத்தைக் கேட்கிறது.

இந்தக் கொடுமை முழு வடிவம் பெற்ற இடம் அசாம். பிரம்மபுத்திரா ஆண்டுதோறும் வெள்ளம் பெருக்கெடுக்கும் ஆறு மட்டுமன்று. கரையைத் தின்று நகரும் ஆறு. ‘சார்’ எனப்படும் ஆற்றிடைத் திட்டுகளில் வாழும் குடும்பம் ஒரு தலைமுறைக்குள் பலமுறை இடம் மாறுகிறது. வாழ்ந்த ஊரே நீருக்கடியில் போய்விட்டபின் அந்த ஊரின் பெயரில் உள்ள ஆவணத்துக்கு என்ன பொருள்? அங்கேதான் 1971 மார்ச் 24 நள்ளிரவு என்னும் எல்லை நாளுக்கு முன் தானோ தன் முன்னோரோ இந்நாட்டில் இருந்ததைக் காகிதத்தால் நிறுவும்படி ஒரு மாநிலம் முழுவதும் பணிக்கப்பட்டது. 3.3 கோடிப் பேர் விண்ணப்பித்தனர். 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19,06,657 பேரின் பெயர்கள் இல்லை.

மெய்ப்பிக்கும் சுமை யார்மீது என்பதே இங்கு எல்லாவற்றையும் தீர்மானித்தது. 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, தான் வெளிநாட்டவர் அல்லர் என்று காட்டும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்மேல் வைத்தது. 1983-இல் அசாமுக்கென வந்த தனிச்சட்டம் அந்தச் சுமையைக் குற்றஞ்சாட்டுபவர் பக்கம் மாற்றியது. 2005-இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 2025-இல் வந்த புதிய சட்டமும் சுமையை இறக்கி வைக்கவில்லை. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவர் தன் குற்றமின்மையை மெய்ப்பிக்க வேண்டியதில்லை. ஆற்றில் வீட்டை இழந்தவர் மட்டும் தன் பிறப்பை மெய்ப்பிக்க வேண்டும்.

இதில் மொழியியலாளர் கவனிக்க வேண்டிய பகுதி பெயர். அறுபதுகளின் வாக்காளர் பட்டியல்கள் அசாமியிலோ வங்காளியிலோ எழுதப்பட்டவை. இன்றைய அட்டைகள் ஆங்கில எழுத்தில் உள்ளன. அசாமிய மொழியில் சகரத்துக்கான மூன்று எழுத்துகளும் பல இடங்களில் பின்னண்ணத்தில் உரசி எழும் ஒரே ஒலியாக ஒலிக்கின்றன. அதை ஆங்கிலத்தில் ஒருவர் எஸ் என்பார், ஒருவர் எக்ஸ் என்பார், ஒருவர் ஹெச் என்பார். ழகரத்தை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாம் என்பதை அறிந்த தமிழருக்கு இது புரியாத செய்தியன்று. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னொட்டாகக் கொண்ட தமிழ்ப் பெயர், வடநாட்டுப் படிவங்களின் ‘குடும்பப் பெயர்’ கட்டத்துக்குள் நுழையும்போது ஒருவரே இருவராகிவிடுவதையும் அவர்கள் அறிவர்.

பெண்களின் பெயர்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. அசாமின் வங்காளி பேசும் முஸ்லிம் சமூகத்தில் பெயரின் பின்னொட்டு வாழ்க்கைக் கட்டத்தோடு மாறுகிறது. மணமாகாதபோது காத்தூன், மணமானபின் பேகம் அல்லது பீபி, கணவர் இறந்தபின் பேவா. பிறப்பிலிருந்து இறப்புவரை மாறாத பெயர் என்னும் கருத்தே இங்கு பொருந்தாது. பின்னொட்டு உறவுநிலையைச் சுட்டும் ஓர் இலக்கணக் கூறுபோல் இயங்குகிறது. பள்ளிக்குப் போகாமல் இளவயதில் மணமாகி வேறூர் சென்ற பெண்ணிடம் பிறந்த வீட்டோடு அவரை இணைக்கும் காகிதம் ஏது? ஊராட்சிச் செயலர் தந்த சான்றிதழ் ஒன்றுதான். ஏறத்தாழ 48 லட்சம் பேர் அதை நம்பியிருந்தனர். 2017-இன் தொடக்கத்தில் குவாஹாட்டி உயர் நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சரிபார்ப்புக்கு உட்பட்டு, அதற்கு உயிர் கொடுத்தது. இடைப்பட்ட மாதங்களில் அத்தனை பெண்களின் தந்தையர் சட்டத்தின் கண்ணில் காணாமற்போயிருந்தனர்.

ஒரே மனிதரின் ஐந்து காகிதங்களில் ஐந்து எழுத்துக்கூட்டல்கள் இருப்பதை மொழியியல் ‘மாறுபாடு’ என்கிறது. தீர்ப்பாயம் அதையே ‘முரண்பாடு’ என்றது. பெயரின் எழுத்திலும் பிறந்த தேதியிலும் உள்ள சிறு வேறுபாடுகளைக் கொண்டு ஒருவரை வெளிநாட்டவர் என்று முடிவு செய்யலாகாது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லி, அசாமைச் சேர்ந்த ஒருவரை இந்தியக் குடிமகன் என அறிவித்தது. தீர்ப்பு வந்தபோது அந்த மனிதர் உயிரோடு இல்லை.

இதே வரலாற்றின் மறுபக்கம் குறைவாகவே பேசப்படுகிறது. 1951 குடிமக்கள் பதிவேட்டின் படிகள் அசாமின் சில பகுதிகளுக்கு அரசிடமே கிடைக்கவில்லை. 2020 பிப்ரவரியில் இறுதிப் பட்டியலின் தரவு இணையதளத்திலிருந்து மறைந்தது. இணையச் சேமிப்புக்கான ஒப்பந்தம் உரிய காலத்தில் புதுப்பிக்கப்படாததே காரணம் என்று தெரியவந்தது. தரவு பத்திரமாக இருப்பதாகவும் தொழில்நுட்பச் சிக்கலே நேர்ந்திருப்பதாகவும் உள்துறை அமைச்சகம் விளக்கியது. அந்த விளக்கத்தை நாடு ஏற்றுக்கொண்டது. ஏற்கத்தக்கதே. ஆனால் வெள்ளத்தில் பெட்டியை இழந்த ஒருவர் ‘காகிதம் போய்விட்டது, நான் இருக்கிறேன்’ என்று சொன்னால் அது விளக்கமாக ஏற்கப்படுவதில்லை. கட்டடமும் காவலும் நிதியும் உள்ள அரசு தொலைத்தால் அது தொழில்நுட்பச் சிக்கல். கூரை இல்லாதவர் தொலைத்தால் அது சந்தேகம். இரண்டு இழப்புகளுக்கு இரண்டு அகராதிகள் எப்படி வந்தன?

அசாம் விதிவிலக்கு என்று ஆறுதல் கொள்ள இயலாதபடி 2025-இல் பீகார் வந்தது. ஜூன் 24 அன்று அறிவிக்கப்பட்ட வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், படிவம் கொடுக்க ஏறத்தாழ ஒரு மாதமே தரப்பட்டது. 2003 பட்டியலில் இல்லாதவர்கள் 11 வகை ஆவணங்களுள் ஒன்றைக் காட்ட வேண்டியிருந்தது. ஏழை வீடுகளில் உண்மையில் கிடைக்கக்கூடிய ஆதாரும் குடும்ப அட்டையும் அந்தப் பதினொன்றில் இல்லை. ஆதார் பன்னிரண்டாவதாகச் சேர செப்டம்பர் 8-இன் உச்ச நீதிமன்ற ஆணை தேவைப்பட்டது. ஆகஸ்ட் 1-இன் வரைவுப் பட்டியலில் 65 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர் பெயரும் இரட்டைப் பதிவும் நீக்கப்பட வேண்டியவையே; அதில் எவருக்கும் வாதமில்லை. ஆனால் அந்த 65 லட்சத்தில் ஏறத்தாழ 36 லட்சம் பேர் ‘நிரந்தரமாக இடம்பெயர்ந்தோர் அல்லது காணப்படாதோர்’ என்னும் ஒரே வகையில் அடைக்கப்பட்டனர். இடம்பெயர்ந்தவர் வேறு, அலுவலர் வந்த நாளில் வீட்டில் இல்லாதவர் வேறு. லூதியானாவின் ஆலையிலோ சூரத்தின் தறிக்கூடத்திலோ வேலைக்குப் போயிருப்பவர் சாத் பூசைக்குத் திரும்பி வருவார். அவர் போனது பிழைப்பைத் தேடி. குடியுரிமையைத் துறந்து அன்று. ‘அல்லது’ என்னும் ஓர் இடைச்சொல் இரண்டு வாழ்நிலைகளை ஒன்றாக்கி இரண்டையும் அழித்தது. அக்டோபரில் இந்தத் திருத்தம் தமிழ்நாடு உட்பட மேலும் 12 மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் நீட்டிக்கப்பட்டது.

வரலாறு இதற்கு ஒரு கசப்பான முன்னுரை எழுதி வைத்திருக்கிறது. 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரையினர் சட்டம் அலைந்து வாழ்ந்த சமூகங்களைப் பதிவேட்டில் அடைத்தது. கையில் அனுமதிச் சீட்டின்றி அவர்கள் இடம் பெயரலாகாது என்றது. 1952-இல் அந்தப் பட்டியல் நீக்கப்பட்டது. இன்று அதே சமூகங்களின் பிள்ளைகள் சாதிச் சான்றிதழ் கேட்டால், மகாராஷ்டிரத்தில், முன்னோர் 1961-க்கு முன்பே அங்கு வசித்ததற்கான ஆதாரம் கேட்கப்படுகிறது. ஓரிடத்தில் தங்கவில்லை என்பதற்காக அன்று குற்றவாளிகள் என்று எழுதப்பட்டவர்களிடம், ஓரிடத்தில் தங்கியதற்கான சான்று இன்று எதிர்பார்க்கப்படுகிறது.

ஆவணம் கேட்காவிட்டால் மோசடி பெருகாதா என்பது நேர்மையான கேள்வி. விடை: மோசடியைத் தடுப்பது பதிவேடு, காகிதம் அன்று. காகிதத்தைப் போலியாக அச்சிடலாம். வழங்கிய அலுவலகத்தின் பதிவோடு ஒப்பிட்டால்தான் உண்மை வெளிப்படும். அப்படியானால் ஒப்பிடும் வேலை தொடக்கத்திலிருந்தே அலுவலகத்தினுடையது. சுந்தரரைத் தடுத்தாட்கொண்ட கதையைத் தமிழர் அறிவர். அடிமை என்று காட்டிய ஓலையைச் சுந்தரர் பறித்துக் கிழித்தார். கிழிந்தது படியோலை, மூலவோலை முதியவரிடம் வேறாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவையத்தார் அந்த மூலத்தையும் வெறுமனே நம்பிவிடவில்லை. பாட்டனார் எழுதிய வேறோர் ஓலையை வருவித்துக் கையெழுத்தை ஒப்பிட்ட பின்பே வழக்கைத் தீர்த்தனர். வழக்காடியவர் இறைவர் என்பதால் அவருக்கு மூலமும் படியும் வைத்துக்கொள்ள இயன்றது. மேம்பாலத்தின் அடியில் உறங்குபவருக்கு இருப்பது ஒன்றே ஒன்று. அது கிழிந்தால் அவர் பக்கத்தில் அவையத்தார் நிற்க வேண்டும்.

அப்படி நிற்பது இயலாத செயலும் அன்று. அரசு நின்ற இடங்கள் உண்டு. வீடற்றவர் வாக்காளராகப் பதிவு கேட்டால் அவரிடம் முகவரிச் சான்று கேட்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. அவர் குறிப்பிட்ட இடத்துக்கு வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் சென்று, அவர் அங்கேதான் உறங்குகிறாரா என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இந்தச் சிறு விதியில் ஒரு முழு அரசியல் தத்துவம் அடங்கியிருக்கிறது: காகிதம் அரசைத் தேடி அலைய வேண்டியதில்லை, அரசு மனிதரைத் தேடி வரலாம். ‘ஒரே நாடு ஒரே குடும்ப அட்டை’ 2022-க்குள் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தபோது, பெயர் உள்ள கடையில்தான் அரிசி என்னும் பழைய விதி தகர்ந்தது. அசாமிலேயே, 1951 பதிவேட்டையும் 1971 வரையான வாக்காளர் பட்டியல்களையும் அரசு எண்ணியலாக்கி மக்கள் தேடிப் பார்க்கத் திறந்துவிட்டது. தன் பதிவேட்டை அரசு தானே திறக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. திறந்த கையோடு தேடும் வேலையை மக்கள் தலையில் வைத்ததுதான் பிழை.

அதுவரை அறிவுரை பயனற்றதா? பயனுள்ளதே; அதன் முன்னுரிமை மாற வேண்டும். காகிதத்தைவிட அதன் எண், வழங்கிய அலுவலகம், தேதி ஆகியவை உயிரானவை. அவற்றைத் தனியே ஒரு துண்டில் எழுதி ஆவணத்தோடு சேராமல் வைத்துக்கொள்வதும், இயன்றால் மனப்பாடம் செய்வதும் மறுபிரதி கேட்கும் நாளில் உதவும். தங்குமிடங்களிலும் தொழிற்சங்க அலுவலகங்களிலும் பூட்டுள்ள பெட்டிகள் வைப்பது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ஆனால் இவை குடை பிடிக்கும் ஏற்பாடுகள். கூரை போட வேண்டியவர் கூரை போடாததற்கு இவை மன்னிப்பாகிவிடக் கூடாது.

கோரிக்கைகள் மூன்று. தொலைந்த ஆவணத்தின் மறுபிரதியை வழங்கிய அலுவலகமே தன் பதிவேட்டைப் பார்த்து, காவல் நிலையம், நோட்டரி, விளம்பரம் எதுவுமின்றிக் கட்டணமில்லாமல் தர வேண்டும். அரசின் ஒரு துறையிடம் உள்ள பதிவை மற்றொரு துறை குடிமகனிடம் கேட்கக் கூடாது. 2023-இன் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத் திருத்தம் தேசியத் தரவுத்தளம் ஒன்றை அமைத்து, அச்சட்டம் நடப்புக்கு வந்தபின் பிறந்தோர்க்குப் பிறப்புச் சான்றிதழை ஏறத்தாழ எல்லாவற்றுக்குமான திறவுகோலாக்கிய பிறகு, காகிதத்தைக் கேட்கும் நியாயம் இன்னும் குறைந்திருக்கிறது. வெளியேற்றத்துக்கு முன் ஒவ்வொரு குடும்பத்தின் ஆவணங்களையும் பட்டியலிட்டு ஒப்புகைச் சீட்டுத் தராமல் ஒரு செங்கல்லும் அகற்றப்படக் கூடாது.

இவற்றைக் கேட்கும் தகுதி பல்கலைக்கழகங்களுக்கு இருக்கிறதா என்பதையும் சேர்த்தே கேட்க வேண்டும். மாணவரின் அசல் சான்றிதழ்களை நிறுவனங்கள் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது, சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்தது. அப்படி அறிவிக்கும் அளவுக்கு அந்த வழக்கம் ஊறிப்போயிருந்தது. சேர்க்கைச் சாளரத்தில் ‘அசல் இல்லையென்றால் இடமில்லை’ என்று ஒரு கூலித் தொழிலாளியின் மகளிடம் சொல்லும் குரலுக்கும், தீர்ப்பாயத்தில் எழுத்துப்பிழையைச் சுட்டும் குரலுக்கும் உள்ள தொலைவு அதிகமில்லை. குடிபெயர்வு பற்றிய கருத்தரங்குகளில் மனிதரின் கதைகளை எடுத்தாளும் ஆய்வாளர்கள் களத்தில் அவர்களது அட்டைகளைப் படம் எடுக்கிறார்கள். அட்டை தொலைந்த நாளில் அந்தப் படம் அவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வழி வைத்திருப்போர் எத்தனை பேர்? பெயர்கள் எவ்வாறு மாறுகின்றன, ஓர் ஒலி எத்தனை எழுத்துகளில் அலைகிறது என்று பாடம் நடத்தும் மொழியியல் துறைகள், அந்த அறிவைத் தீர்ப்பாயங்களின் முன் நிபுணச் சாட்சியமாக வைக்க எத்தனை முறை முன்வந்துள்ளன? ஒரு பின்னொட்டின் இலக்கணத்தை விளக்கும் இரண்டு பக்கக் குறிப்பு ஒரு பெண்ணைத் தடுப்பு முகாமிலிருந்து காக்கக்கூடும். அந்த இரண்டு பக்கங்களை எழுதத் தெரிந்தவர்கள் இந்நாட்டின் துறைகளில் இருக்கிறார்கள். எழுதத் தொடங்க வேண்டும்.